மாவுக்கட்டுக் காலைப் பிடித்து நின்றவள்

மச்சான்,

இன்று காலை உன் தங்கச்சி மாலா பழைய படங்கைத் துவைத்து, காயவைத்து எடுத்து வந்தாள். கொழுந்து பறிக்கப் போகும்போது இடுப்பில் கட்டிக்கொள்ளும் அந்தச் சாக்குத் துணிதான். எத்தனை முறை துவைத்தாலும் அதிலிருந்து தேயிலைக் கறை போவதில்லை, வாசமும் போவதில்லை. லயத்து வரிசையில் எங்கள் வீடான காம்பராவின் முன் தாழ்வாரத்தில், அந்த இஸ்தோப்பில், வெயில் விழும் இடமாகப் பார்த்து அதை விரித்தாள். மேலே கம்பளியைப் போட்டு, சின்னவனைக் குப்புறக் கிடத்தினாள். சூடேறிய சாக்கின் வாசம் மூக்கில் பட்டதும் என் நினைவில் நீ வந்துவிட்டாய். வந்தவன் சும்மா வரவில்லை, மாவுக்கட்டோடு வந்தாய்.

சின்னவனை நீ பார்க்கவில்லை. நீ போன பிறகு பிறந்தவன். உன் மூக்கு அப்படியே வந்திருக்கிறது என்று உன் தங்கச்சி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அந்த மூக்கோடு இவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று நான் கேட்டேன். அன்று எனக்கு ராச்சாப்பாடு கிடைப்பதே பெரும்பாடாகிவிட்டது.

மூத்தவள் தர்ஷி இவனைப் போல இல்லை, உனக்குத் தெரியும். எங்களுக்குக் கல்யாணமாகி நெடுநாள் கழித்துப் பிறந்தவள் என்பதால் லயமே அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. பூனாகலைக் குளிரில் சீமெந்துத் தரை ஐஸ் மாதிரி இருக்கும். அதில் குழந்தையை விடுவதாவது! ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போவாள். கை ஓய்ந்தால் சேலைத் தொட்டில். காலுக்கு இரண்டு உறை, உடம்புக்கு இரண்டு சுவெட்டர், தலைக்குக் குல்லா. சிணுங்குவதற்கு முன்பே யாராவது தூக்கிவிடுவார்கள். பக்கத்துக் காம்பரா மாரியாயி அக்கா, "ராசாத்தி தரையில கால் படாம வளர்றா" என்று பெருமையாகச் சொல்வார். நாங்களும் பெருமைப்பட்டுக்கொண்டோம்.

அந்தப் பெருமை காது குத்து அன்று போய்விட்டது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்த வேண்டும்? நீ புது வேட்டி கட்டி, மாப்பிள்ளை மாதிரி சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாய். மடியில் வைத்தால் தர்ஷி நனைந்த துணி மாதிரி ஒரு பக்கம் சரிந்தாள். நிமிர்த்தினால் மறுபக்கம் சரிந்தாள். அந்த வயதுப் பிள்ளைகள் கோயில் வாசலில் உட்கார்ந்து கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். கொஸ்லந்தையிலிருந்து வந்த ஒரு சொந்தக்காரர், "புள்ளைக்கு முதுகுல வலு இல்ல போல. நடக்குமா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். மாலா அன்று பந்தியில் உட்காரவே இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் எல்லோரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தோம். நடக்குமா?

அந்த நேரம் பார்த்துத்தான் நீ காலை உடைத்துக்கொண்டாய். பெரகல சந்தியில் மரக்கறி ஏற்றும்போது நீ ஓட்டும் லொறியிலிருந்து கோவா மூட்டை, அந்த முட்டைக்கோஸ் பாரம், சரிந்து உன் காலில் விழுந்தது. தொடை வரைக்கும் மாவுக்கட்டு. உன்னைப் பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லாததால் இங்கே கொண்டு வந்து போட்டோம். கட்டிலில் ஏறி இறங்க முடியாது என்று நீயே தரையில் பாய் கேட்டாய். லொறி முதலாளி வந்து பார்த்துவிட்டுப் போன அன்று, "மலை ரோட்டுல எத்தன வளைவு திருப்பியிருப்பேன் மச்சான், கடைசில ஒரு கோவா என்னைய சாய்ச்சிருச்சே" என்று சிரித்தாய்.

தோட்டத்தில் பிரசவம் பார்க்கும் மிட்வைஃப் மிஸ்ஸி தர்ஷியைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் காட்டச் சொன்னார். உனக்கும் அங்கேதான் கிளினிக். ஒரே வேனில் போனோம். பின் சீட்டில் நீ காலை நீட்டிக்கொண்டு, அவளை வயிற்றின் மேல் சாய்த்துக்கொண்டு, வழி நெடுக, "ரெண்டு நொண்டியும் டவுனுக்குப் போறோம், வழி விடுங்க, வழி விடுங்க" என்று பாடினாய். மாலாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அப்படிப் பேச உன்னால் மட்டும்தான் முடியும், உன்னைத்தான் அவள் பொறுத்துக்கொள்வாள்.

டாக்டர் நன்றாகப் பார்த்தார். நோய் ஒன்றும் இல்லை, உடம்பு கொஞ்சம் தளர்வு, அவ்வளவுதான் என்றார். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் அம்மா தர்ஷியின் உடுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். வெங்காயம் உரிப்பது போல உரித்து, கடைசியில் பிள்ளை வெளியே வந்தாள். "இவ்வளவையும் போட்டுக்கிட்டு நீங்க நடப்பீங்களா?" என்று என்னைக் கேட்டார். பிறகு தானும் தரையில் உட்கார்ந்து செய்து காட்டினார். விழித்திருக்கும்போது குப்புறக் கிடத்துங்கள், பக்கத்திலேயே இருங்கள். கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். பக்கவாட்டில் புரட்டி, அவளையே கையை ஊன்ற வைத்து எடுங்கள். உருளும் வண்டியில் நிற்க வைக்க வேண்டாம். விளையாட்டுச் சாமானைக் கையில் கொடுக்காமல் கொஞ்சம் எட்ட வையுங்கள். நான் தலையாட்டினேன், மாலாவும் தலையாட்டினாள். சக்கர நாற்காலியில் இருந்த நீதான், "எவ்வளவு எட்டம் மிஸ்?" என்று கேட்டாய்.

நானும் மாலாவும் வேலைக்குப் போனதும் பகலெல்லாம் நீங்கள் இருவரும்தான். பால் கொடுக்கவும் துணி மாற்றவும் மாரியாயி அக்கா வருவார். மற்ற நேரமெல்லாம் இந்தப் படங்கின் மேலே நீ ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். நீயும் குப்புறப் படுத்து உன் முகத்தை அவள் முகத்துக்கு நேரே வைத்துக்கொள்வாய். அவள் தலையைத் தூக்கினால் உன் மூக்கு தெரியும். அந்த மூக்கைப் பார்க்கத்தான் பிள்ளை தலையைத் தூக்கப் பழகினாள் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன்.

பால்மா டின்னுக்குள் கூழாங்கல் போட்டு, மூடியை இறுக்கி ஒட்டி, உன் ஊன்றுகட்டையால் உருட்டிவிடுவாய். அது கடகடவென்று போய் அவள் கைக்கு எட்டாத தூரத்தில் நிற்கும். அவள் கையை நீட்டி முக்குவாள், முகம் சிவக்கும். நாங்களாக இருந்தால் அந்த நொடியே டின்னை எடுத்துக் கொடுத்திருப்போம், இல்லை அவளையே தூக்கியிருப்போம். உனக்குத் தூக்க வழியில்லை. எழும்பவே முடியாதே! அதனால் ஒன்றே ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாய்:

"மாமாவுக்கு எந்திரிக்க ஏலாது தங்கம். நீதான் வரணும்."

ஒருநாள் மாரியாயி அக்கா ஓடி வந்தார். "அடப்பாவி, புள்ள அந்தக் கத்து கத்துது, கட்ட மாதிரி கெடக்குறியே!"

"நான் கட்டதானே அக்கா" என்றாய். "அழுகை வேற, முக்கல் வேற. அழுதா நானே உங்களக் கூப்பிடுவேன். இது முக்கல். கொஞ்சம் பொறுங்க."

அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு பொறுக்க மாட்டாமல் நின்றார். தர்ஷி முக்கினாள், தோளைச் சாய்த்தாள், பொத்தென்று மல்லாக்கப் புரண்டாள். தனக்கு என்ன நடந்தது என்று தெரியாமல் கூரைத் தகரத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாளாம். அக்காதான் அழுதாராம். சாயங்காலம் நான் வந்தபோது லயம் முழுக்க அந்தக் கதைதான்.

மாலா உன்னோடு போட்ட சண்டையையும் சொல்ல வேண்டும். மழையில் நனைந்து மலையிலிருந்து இறங்கி வருகிறாள். பிள்ளை உறை இல்லாமல் வெறுங்காலோடு கிடக்கிறாள்.

"அண்ணே, இந்த ஊதக்காத்துல புள்ளைய இப்படிப் போட்டு வச்சிருக்க. சளி புடிச்சா நீயா பாப்ப?"

"கீழ சாக்கு, அது மேல கம்பளி, அது மேலதான் உன் மவ. சுவெட்டர் ஒண்ணு இருக்கு, போதும். கால் வெரல மட்டும் விட்டுரு தங்கச்சி. ஒறைக்குள்ளயே கெடக்குற வெரலுக்கு எங்க இருந்து புத்தி வரும்?"

அவள் கோபத்தில் உனக்குத் தேத்தண்ணி ஊற்றவில்லை. நான் ஊற்றிக் கொடுத்தேன். அதில் சீனி இல்லை என்று நீ குறை சொன்னாய்.

பிறகு உட்காரப் பழக்கினாய். உன் இரண்டு கால்களுக்கும் நடுவே அவளை இருத்துவாய். ஒரு பக்கம் கட்டுப்போட்ட கால், மறுபக்கம் நல்ல கால். "ஒரு பக்கம் செவுரு, ஒரு பக்கம் தலகாணி, எங்க சாஞ்சாலும் மாமாதான்" என்பாய். அவள் முன்னால் கையை ஊன்றி உட்கார்ந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தாள். தவழத் தொடங்கியபோது பின்பக்கமாகவே போனாள். டின்னைப் பார்த்துக்கொண்டே டின்னை விட்டுத் தூரமாகப் போய், கோபத்தில் அலறுவாள். நான் தூக்கப் போனேன். நீ அசையவில்லை. "ரிவர்ஸ் விழுந்துருச்சு மச்சான். இஞ்சின் நல்லாருக்கு. முன் கியர் தானா விழும்." விழுந்தது.

அன்று நான் தேயிலைப் பெக்டரியிலிருந்து சீக்கிரம் வந்திருந்தேன். மாலா கொழுந்தை எடை போட்டுவிட்டு எனக்குப் பின்னாலேயே வந்தாள். நீ சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாய். எங்களைப் பார்த்ததும் விரலை வாயில் வைத்துச் சைகை காட்டினாய். தர்ஷி தவழ்ந்து வந்து உன் மாவுக்கட்டின் முழங்கால் மேட்டைப் பிடித்தாள். ஒரு முழங்காலை ஊன்றினாள். பிறகு ஒரு பாதம். தடுமாறி உட்கார்ந்தாள். மறுபடி பிடித்தாள், நின்றாள்.

வெறுங்காலின் பத்து விரலும் கம்பளியைக் கவ்விப் பிடித்திருந்தன. உன் முகத்தில் வியர்வை. கட்டுக்குள்ளே காலில் தாங்க முடியாத அரிப்பாம், ஆட்டினால் பிள்ளை விழுந்துவிடுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாயாம். பிறகுதான் சொன்னாய். மாலா ஈரப் படங்கை அவிழ்க்காமலேயே வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன் மச்சான், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. உன்னைக் கட்டிப்பிடிக்க வந்தேன். "கிட்ட வராத, ஸ்டாண்டு ஆடிரும்" என்று விரட்டினாய்.

மாவுக்கட்டை வெட்டப் போன இடத்தில், அதன் விளிம்பு ஊறிப்போய்ப் பிய்ந்திருப்பதைப் பார்த்து, "எலி கடிச்சதா?" என்று கேட்டார்கள். "ஆமாங்க, எங்க வீட்டு எலி. இப்பதான் பல்லு மொளைக்குது" என்றாய். அதற்குப் பிறகு இரண்டு பேரும் இதே இஸ்தோப்பில் நடை பழகினீர்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால், கட்டையை ஊன்றிக்கொண்டு நீ பின்னால். யார் முதலில் கைவிட்டு நடப்பது என்று லயத்தில் பந்தயமே நடந்தது. அவள்தான் ஜெயித்தாள். தோற்ற ஒருவனுடைய முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை.

நீ மறுபடி லொறி ஏறினாய். வருஷங்கள் ஓடின. போன வருஷம் நெஞ்சு வலி என்று பதுளையில் படுத்தாய். நாங்கள் பார்க்க வந்த அன்று தர்ஷி வார்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். மூக்கில் குழாயோடு உன்னைப் பார்க்க அவளுக்குப் பயம். நான் கையைப் பிடித்து இழுக்கப் போனேன். நீ வேண்டாம் என்று கண்ணால் தடுத்தாய். தலையணையில் சாய்ந்தபடியே சொன்னாய்:

"மாமாவுக்கு எந்திரிக்க ஏலாது தங்கம். நீதான் வரணும்."

அவள் ஓடி வந்தாள். அந்தக் கட்டில்களுக்கு நடுவே அவள் ஓடி வந்ததை நீ பார்த்தாயே, அது போதும் என்று மாலா சொல்வாள். எனக்குப் போதாது. நீ இன்னும் கொஞ்ச காலம் இருந்திருக்கலாம். 'நீதான் வரணும்' என்றதுதான் நீ உன்னைப் பார்க்க வந்தவர்களுக்குச் சொன்ன கடைசிப் பேச்சு. மறுநாள் நாங்கள் வருவதற்குள் உன் கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தார்கள்.

இப்போதும் பிள்ளைகள் தடுக்கி விழுந்தால் என் கை முந்திக்கொண்டு போகும். அதை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அழுகையா முக்கலா என்று ஒரு மூச்சு நேரம் காது கொடுத்துக் கேட்கிறேன். பெரும்பாலும் முக்கல்தான். உன்னிடமிருந்து எனக்கு வந்தது இந்தப் பொறுமைதான். கஷ்டமான சொத்து மச்சான், வைத்துக் காப்பாற்றுவது லேசில்லை.

இன்று காலை சின்னவன் படங்கில் வயிற்றால் ஊர்ந்து, பாதியில் நின்று சிணுங்கினான். என் கை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. பள்ளிக்கூட வெள்ளை கவுனோடு தர்ஷி வந்தாள். எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு காலை விறைப்பாக அவனுக்கு முன்னே நீட்டினாள். உன் மாவுக்கட்டு அவளுக்கு நினைவிருக்க வழியில்லை. நாங்கள் சொன்ன கதைதான் தெரியும்.

"வாடா" என்று தம்பியைக் கூப்பிட்டாள். "அக்காவுக்கு எந்திரிக்க ஏலாது. நீதான் வரணும்."