சம்பந்தி வீட்டு மாடியில் நான் சொன்ன விளக்கம்

அன்பு மகள் வாலுவுக்கு,

சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் சித்தியும் சுகம், அவளுக்கு மட்டும் முழங்கால் வலி, அதுவும் நான் வேலை சொன்னால்தான் வருகிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாகத்தான் இருப்பீர்கள், எனக்குத்தான் எல்லாமே முன்கூட்டித் தெரியுமே. நீ கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து ஓட்டும் விண்கலம் மேலே போகும், பிசகாமல் பூமியைச் சுற்றும், உன் மாமனார் அதைத் தானே செய்து அனுப்பியது போல ஊருக்குக் காட்டுவார் என்று உனக்குப் பல் முளைக்கும்போதே சொன்னவன் நான். சித்தி இல்லை என்பாள், நம்பாதே.

சம்பந்தி நல்ல மனிதர்தான், நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கலம் பாதையில் ஏறியதும் நீ முதலில் போன் பண்ணியது அவருக்கு. உன்னைத் தோளில் போட்டு வளர்த்த எனக்குச் சேதி வந்தது பால்காரர் சொல்லி. சம்பந்தி தன் வீட்டு மாடியில் நாற்காலி போட்டுத் தெருவையே கூட்டிவிட்டார். இருட்டத் தொடங்கியதும் ஒரு பொட்டு வெளிச்சம் தலைக்கு மேலே நகர்ந்து போனது. எதிர்வீட்டுத் தையல்காரம்மா, "எஞ்சினைத்தான் அணைச்சிட்டாங்களாமே, பின்ன ஏன் கீழ விழல?" என்று கேட்டார். சம்பந்தி தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலையே என்னால் பொறுக்க முடியவில்லை. நான் முந்திக்கொண்டு, அங்கே ஈர்ப்பே கிடையாது, அப்புறம் எப்படி விழும் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஈர்ப்பே இல்லன்னா அது எதுக்கு சம்பந்தி நம்மளச் சுத்தணும், நேரா போயிட வேண்டியதுதானே?" என்றார். மாடி முழுக்கச் சிரிப்பு, உன் சித்தி கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தாள். நான் விடவில்லை, இதை என் மகளே போனில் சொன்னாள் என்றேன். போன மாதம் நீ அப்படித்தான் சொன்னதாக எனக்கு ஞாபகம். சம்பந்தி, ஞாயிற்றுக்கிழமை உன்னையே கூப்பிட்டுக் கேட்டுவிடுகிறேன் என்றார்.

மறுநாள் நான் வேலை பார்க்கும் தீயணைப்பு நிலையத்தில் எங்கள் வண்டிக்குப் பயிற்சி. ஏணி உச்சியில் ஒருவன் குழாயைத் தரைக்குச் சமமாகப் பிடித்துக்கொண்டான், பம்ப் என் கையில். அழுத்தத்தைக் கூட்டக் கூட்ட, தண்ணீர் வாசல், சாலை, பள்ளி மைதானம் எல்லாம் தாண்டி அடுத்த ஊரில் துணி உலர்த்தியவர்களை நனைத்தது. அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் விழாமல் இல்லை, கிளம்பியதிலிருந்தே விழுந்துகொண்டுதான் போகிறது, பக்கவாட்டு வேகத்துக்குத் தக்கபடி விழும் இடம்தான் தள்ளிப் போகிறது. காற்றின் தடை இல்லாத உயரத்தில் அசுர வேகத்தில் விட்டால், அது விழுகிற அளவுக்குத் தரையும் வளைந்து இறங்கிவிடும், பூமி உருண்டையல்லவா, அப்புறம் எங்கே போய் மோதும்? உன் கலமும் ஓயாமல் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. ஈர்ப்பு கையை விட்டால் நேராக ஓடிவிடும். சம்பந்தி கேட்டது சரிதான். இதை எழுதவே கை கூசுகிறது, அவரிடம் சொல்வேன் என்று நினைக்காதே.

நேரத்துக்குச் சாப்பிடு. ஏசிக்கு நேரே உட்காராதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். இரண்டு பேரும் நூறு வயது நன்றாக இருங்கள்.

முக்கியமாக ஒன்று, மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை உன் மாமனார் உன்னைக் கூப்பிட்டு, ஈர்ப்பு இல்லை என்று நீ சொன்னாயா எனக் கேட்கப்போகிறார். தையல்காரம்மா வேறு, "பாவம், இதுகூடத் தெரியாம அந்தப் புள்ள அதை எப்படி ஓட்டுது?" என்று தெருவெல்லாம் கவலைப்படுகிறார். நீ அப்படிச் சொன்னதாக நான் சொன்ன அந்த போன் வரவே இல்லை மகளே, நானாகக் கட்டிய கதை. அவர் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடு, என் மானத்தைப் பார்க்காதே. ஆனால் அதற்கு முன்னால் எனக்கு போன் பண்ணு. திட்டுவதற்கானாலும் சரி, இந்தத் தடவை முதலில் எனக்கு.

இப்படிக்கு,
உன்னை வளர்த்த
சித்தப்பா