கொற்றியின் பிளந்த ஓலை

நலம் பெருகுக. வெண்கரை நாடாளும் கோப்பெருமான் மாவளவரின் திருமுத்திரை தாங்கிப் பொறியர் மன்றத்துக் காவற்றலைவன் ஆதன் நக்கன், தலைநகரிலிருந்து, துறைநகர் மன்றத்தில் ஓலை காக்கும் பன்னிருவர்க்கும் விடுக்கும் ஓலை. உம் மதில் நிலைக்க; உம் கிணறு வற்றாதிருக்க; உம் கண்ணும் கையும் நடுநிலை தவறாதிருக்க.

கடைசி வாழ்த்தை வேண்டுமென்றே எழுதினேன்.

பொறி செய்வோர் யாவரும் தம் ஐயத்தை ஓலையில் எழுதி மன்றக் கயிற்றில் தொங்கவிடலாம், அறிந்தோர் அதன்கீழ் விடை எழுதலாம் என்பது அரசர் வகுத்த முறை. முன்பே கேட்கப்பட்ட ஐயமாயின் ஓலையைப் பிளந்து திருப்பித் தருவதும், மூன்று முறை ஓலை பிளக்கப்பட்டவர் ஓராண்டு எழுதலாகாது என்பதும் நாம் வகுத்த முறை.

கார்மலையில் மூங்கிலணை மதகைக் காப்பவள் கொற்றி. மதகுச் சக்கரம் பின்னோக்கிச் சுழலும்போது அதன் தடுப்புப் பல் நழுவுவது ஏன் என்று கேட்டாள். முன்பே கேட்கப்பட்டது என்று பிளந்தோம். மீண்டும் கேட்டாள்; மீண்டும் பிளந்தோம். மூன்றாம் ஓலையில் அவள் எழுதியது இது: "ஏ அய்யா, நீங்க காட்டுன ஓலை முன்னால சுத்துற சக்கரத்துக்கு. எஞ்சக்கரம் பின்னால சுத்துது. படிச்சுப்புட்டு அப்புறம் பொளங்க." அவமதிப்பு என்று குறித்து அதையும் பிளந்து, மன்றப் பலகையிலிருந்து அவள் பெயரை நீக்கினோம்.

கார்மலையார் ஓலையில் வாழ்த்து எழுதார். உதவி கேட்குமுன் புகழ்வது ஏய்ப்பு என்பது அவர் வழக்கம். நாம் அதைத் திமிர் என்று படித்தோம். என் ஐயம் தீர, சென்ற முழுநிலவில் உம் துறைநகர்க்கு வந்திருந்தபோது, அவள் கேள்வியை எழுத்து மாறாமல் படியெடுத்து, மேலே நான்கு வரி வாழ்த்தும் கீழே துறைநகர்ப் பெயர் ஒன்றும் சேர்த்துக் கயிற்றில் இட்டேன். மாலைக்குள் ஏழு பேர் எழுதினர். உம்மில் மூவர் நல்ல ஐயம் என்று ஓரத்தில் குறித்தீர்.

எழுவரும் கேட்டது ஒன்றே: சக்கரத்திற்குப் பல் எத்தனை? அதை அறிந்தவள் கொற்றி ஒருத்தி. அவள் எழுதலாகாது என்பது நம் ஆணை. மழைக்கு இன்னும் பதினொரு நாள். அணைக்குக் கீழே நான்கு ஊர்.

பிளந்தவர் யார் என்று ஒருவரையொருவர் நோக்க வேண்டா. முதல் ஓலையைப் பிளந்தது என் கத்தி. முதல் வரியில் வாழ்த்து இல்லை என்று கண்டேன். இரண்டாம் வரியைப் படிக்கவில்லை. உண்மை அறிந்த நாள் முதல் எனக்கு உறக்கமில்லை. அதனால் எவர்க்கும் பயனுமில்லை.

ஆகவே ஆணை. கொற்றியின் பெயரை இன்றே பலகையில் மீண்டும் பொறிக்க. எழுவரின் கேள்வியோடு விரைகுதிரை ஒன்று கார்மலைக்குப் புறப்படுக. அவளுக்கு விதித்த ஓராண்டை என் பெயருக்கு எழுதுக. இனி ஓலையைப் பிளப்பவர், வாழ்த்தையும் பெயரையும் விரலால் மறைத்துக் கேள்வியை மட்டும் படிக்க. பிளந்தால் அதன்மேல் தம் பெயரை எழுதுக.

நீவிர் இவ்வோலையை இதுவரை படித்தது, இது வாழ்த்தோடு தொடங்கியதால். இதனோடு கட்டியிருப்பது கொற்றியின் முதல் ஓலை; மூன்றாம் ஓலையோடு அவள் திருப்பி அனுப்பிய பிளவுகளை நூலால் தைத்திருக்கிறேன். இதைக் கொணர்ந்த குதிரை தண்ணீர் குடித்து முடிக்குமுன் அதன் இரண்டாம் வரியைப் படிக்க.

இது அரசர் திருமுத்திரை.