செல்வராணி பெயரில் ஓர் உதவித்தொகை

என் செல்வராணி அக்கா, எங்கே இருந்தாலும் இதைக் கொஞ்சம் நின்று கேள்.

உன் பணம் வந்துவிட்டது. ஒரு வருடத்துக்கும் மேலாக நீ நடையாய் நடந்தாயே, அந்த ஃபெல்லோஷிப் நிலுவை. நீ போன பிறகு ஒரு நாள் காலையில் மொத்தமாக உன் கணக்கில் விழுந்தது. உன் போன் இப்போது கோடியக்கரையில் உன் அம்மாவிடம் இருப்பதால் மெசேஜ் அங்கே போயிருக்கிறது. அம்மா அதை நம்பவில்லை. பேங்க் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிற கூட்டம் பெருகிவிட்டது, அதனால் எதையும் தொடாமல் அப்படியே வைத்திருக்கிறேன் என்று எனக்குப் போன் செய்தார்.

படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். ஏமாற்று இல்லை, பணம் நிஜம் என்றேன். அம்மா கேட்டார்:

“அவ இருக்கயில இந்தப் பணம் எங்க இருந்துச்சு, புள்ள?”

எனக்குத் தெரியவில்லை. உனக்காவது தெரியுமா?

நீ என் சீனியர். இயற்பியல் துறையில் நம் இருவருக்கும் ஒரே கைடு, ஒரே ஆய்வுக்கூடம். முதல் வாரம் உன்னை ‘நீங்க’ என்று கூப்பிட்டேன், நீ விடவில்லை. கடலுக்குப் போகிற வீட்டிலிருந்து வந்தவள் என்பதாலோ என்னவோ, மீன் கெடத் தொடங்கும்போது கிளம்பும் வாயுவைக் கண்டுபிடிக்கும் படலம் ஒன்றைக் கண்ணாடித் தகட்டின் மேல் உருவாக்கிக்கொண்டிருந்தாய். படலம் உரிந்து உரிந்து வரும். நீ திரும்பத் திரும்பத் தூவுவாய். கடைசியில் அது ஒட்டியது, வேலையும் செய்தது.

ஆனால் உனக்கு உதவித்தொகை வரவில்லை. வருகைச் சான்று போகவில்லை என்றார்கள், பிறகு மேலிருந்து நிதி வரவில்லை என்றார்கள். நீ சாயங்காலம் பஸ் பிடித்துப் பாபநாசத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த ட்யூஷன் சென்டருக்குப் போய்ப் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தாய். ஐப்பசி மழையில் காய்ச்சலோடு நனைந்துகொண்டே போனாய். லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள் என்று மறுபடியும் போனாய். நீ ஆஸ்பத்திரிக்குப் போனபோது டெங்கு முற்றியிருந்தது.

உதவித்தொகை நேரத்துக்கு வந்திருந்தால் அக்கா காய்ச்சலோடு அந்த மழையில் பஸ் ஏறியிருக்க மாட்டாள் என்று நான் சொன்னால், துறையில் யாராவது பேச்சை மாற்றுகிறார்கள். காய்ச்சல் யாருக்கும் வரும் என்கிறார்கள். வரும்தான். அதற்கு ஏன் இத்தனை அவசரமாகப் பேச்சை மாற்ற வேண்டும்?

இப்போது அடுத்த செய்தி. உன் பெயரில் ஒரு ஃபெல்லோஷிப் ஆரம்பித்திருக்கிறார்கள். துறையில் படித்து வெளிநாட்டில் தொழில் செய்யும் ஒருவர் பணம் போட்டிருக்கிறார். அறிவிப்பு விழாவுக்கு அம்மாவை வரவழைத்துச் சால்வை போர்த்தினார்கள். நம் கைடு சார் மேடையில், செல்வராணி ஒருநாளும் எதற்கும் குறை சொன்னதில்லை என்று பேசினார். நீயா குறை சொன்னதில்லை? நிதிப் பிரிவு வாசலில் நீ போட்ட சண்டையை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேனே.

அம்மா சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு என் காதருகே குனிந்தார்.

“எதுலயாவது கையெழுத்துப் போடச் சொல்லுவாங்களா?”

இல்லை என்றேன். சொன்னாலும் என்னைக் கேட்காமல் போட வேண்டாம் என்றேன். அதன் பிறகு நாங்கள் இரண்டு பேரும் யாருடைய சிரிப்பையும் நம்பாமல் விழா முடியும்வரை உட்கார்ந்திருந்தோம்.

அடுத்த வாரம் சார் என்னைக் கூப்பிட்டார். உன் பெயரிலான முதல் உதவித்தொகை எனக்குத்தான் என்றார். எனக்கு அதுவரை எந்த ஃபெல்லோஷிப்பும் இல்லை, வாப்பாவின் மளிகைக்கடைதான் என்னைப் படிக்க வைத்தது என்பது உனக்குத் தெரியும். சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் நின்றிருக்க வேண்டியவள் நான். ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. உன் வேலையை நான் தொடர வேண்டும். உன் அளவீடுகளை வைத்துச் சீக்கிரம் ஓர் ஆய்வுக்கட்டுரை அனுப்ப வேண்டும்.

கட்டுரையில் அக்கா பெயர் எத்தனையாவதாக வரும் என்று கேட்டேன்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இறந்தவர்களிடம் சம்மதம் வாங்க முடியாது, ஆய்வுப் பத்திரிகையில் கேள்வி வரும், அதனால் கடைசியில் நன்றி என்று போட்டுவிடலாம் என்றார். உன் பெயரில் உதவித்தொகை இருக்கும், உன் ஆய்வில் உன் பெயர் இருக்காது. யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்தேன்.

எனக்கு முதலில் சந்தேகம் வந்தது பணம் போட்டவர் மேல்தான். உன் படலத்தை வைத்துக் கருவி செய்து விற்கப் பார்க்கிறாரோ? அவர் வெளிநாடு திரும்புவதற்கு முன்பு துறைக்கு வந்திருந்தார். கார் அருகே காத்திருந்து கேட்டேவிட்டேன். அவருக்கு நான் பேசுவதே புரியவில்லை. மாத உதவித்தொகை தாமதமாகிறவர்களுக்குக் கைகொடுக்கத்தான் அவர் பணம் கொடுத்தாராம். இயற்பியலோ வேதியியலோ, யாராக இருந்தாலும் சரி, எந்த நிபந்தனையும் வேண்டாம் என்றாராம்.

“நானும் ஒரு வருசம் உதவித்தொகை வராம ஓட்டுனவன்தாம்மா. ஹாஸ்டல் மெஸ்ஸுல பேரை வெட்டிட்டாங்க. அதான் குடுத்தேன்.”

அவரை நம்பலாம் போலத்தான் இருந்தது. இருந்தாலும் வீட்டுக்கு வரும்வரை பஸ்ஸில் அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உன் சாவு என்னை இப்படி ஆக்கிவிட்டது, அக்கா.

ஆக, நிபந்தனை சார் சேர்த்தது. இறந்தவர் பெயர் போடக்கூடாது என்பதும் பொய். அந்தப் பத்திரிகையின் இணையப் பக்கத்திலேயே விதி எழுதியிருக்கிறது. பெயரைப் போடலாம், பக்கத்தில் ஒரு சின்னக் குறி இட்டு, இவர் காலமாகிவிட்டார் என்று கீழே குறிப்பிட வேண்டும், அவ்வளவுதான். அதைச் சாரிடம் காட்டினேன்.

“செல்வராணி அக்கா பேரு முதல்ல வரணும் சார். இல்லன்னா எனக்கு இந்தப் பணம் வேணாம்.”

“நான் அந்தப் பொண்ணுக்கு எதிரியா, ராபியா? அவ ஃபெல்லோஷிப்புக்காக நிதிப் பிரிவுக்கு எத்தனை தடவை நான் போயிருப்பேன், தெரியுமா?”

அவர் குரல் உடைந்தது. நான் இளகவில்லை. நடிப்பா நிஜமா என்று முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிதிப் பிரிவுக்கே போய் விசாரித்தேன். அங்கிருந்த கிளார்க், சார் வருவார்தான், ஆனால் யாருக்காக வந்தார் என்று ஞாபகமில்லை என்றார். இதை நான் எந்தப் பக்கம் எடுத்துக்கொள்வது?

ஒரு வாரம் சார் என்னுடன் பேசவில்லை. வழிகாட்டியைப் பகைத்துக்கொண்டால் பட்டம் என்ன ஆகும் என்று வாப்பா கவலைப்பட்டார், ஆனால் பணிந்து போ என்று சொல்லவில்லை. பிறகு ஒரு மத்தியானம் சார் கட்டுரையின் முதல் பக்கத்தை அச்செடுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். முதல் பெயர் உன்னுடையது. பக்கத்தில் அந்தக் குறி. அடுத்து நான், கடைசியில் சார். நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். இப்போது அந்தப் பணம் எனக்கும், வேதியியலில் உதவித்தொகை நின்றுபோன இரண்டு பெண்களுக்கும் மாதாமாதம் பிரித்து வருகிறது.

சார் மனம் மாறினாரா? பணம் கொடுத்தவரிடம் நான் சொல்லிவிடுவேன் என்று பயந்தாரா? தினமும் அவர் எதிரில்தான் வேலை செய்கிறேன், இன்னும் எனக்குத் தெரியவில்லை. போன வாரம் படலம் மறுபடி உரிந்தபோது, வெப்பத்தைக் கொஞ்சம் குறை, செல்வராணி அப்படித்தான் செய்வாள் என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று மட்டும் நான் அவர் முகத்தைச் சோதிக்கவில்லை.

கட்டுரை வெளிவர இன்னும் சில மாதம் ஆகும். வந்ததும் வேதாரண்யம் பஸ் ஏறிக் கோடியக்கரைக்கு நானே எடுத்து வருவேன். அம்மாவின் விரலைப் பிடித்து உன் பெயரின் மேல் வைத்து, இது உங்கள் மகள் செய்தது என்று சொல்வேன். அந்தக் குறி எதற்கு என்று கேட்பார். அதையும் மறைக்காமல் சொல்வேன். இந்தத் துறையில் இனி எந்தப் பிள்ளைக்காவது உதவித்தொகை நின்றால், ஏன் நின்றது என்று பதில் கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

யாரையும் சட்டென்று நம்பாத, உன்னை மட்டும் நம்பிய உன் தங்கச்சி,
ராபியா