கம்பளிப்பூச்சி சொன்ன குளிர்காலம்

செப்டம்பர் 13, சனி

ஒரே கட்டிலில் என் பக்கத்தில் நோரீன் அக்கா தூங்கிவிட்டாள். தான் குறட்டை விடுவதில்லை என்று பைபிள்மேல் கைவைத்துச் சொல்வாள். இப்போது வந்து கேட்க வேண்டும். நான் போர்வைக்குள் டார்ச் விளக்கோடு இருக்கிறேன்.

ஊர்த் திருவிழாவில் கம்பளிப்பூச்சிகள் கயிறு ஏறும் பந்தயத்தில் என் பூச்சி டீக்கன் ஜெயித்துவிட்டான்! நிறம் தெரியக்கூடாது என்று எல்லாப் பூச்சிகளுக்கும் மாவு தூவியிருந்தார்கள். பொரிக்கத் தயாரான மீன்துண்டுகள் மாதிரி இருந்தன. மற்றவை பாதிக் கயிற்றில் நின்று யோசித்தன. டீக்கன் மட்டும் சாப்பாட்டு மணி அடித்ததுபோல ஏறிப்போனான்.

ஜெயித்தவனை ஒரு வாரம் நான் வளர்க்க வேண்டும். ஜாடியைத் துணியால் மூடியே வைக்க வேண்டும். வேறு யாரும் பார்க்கக்கூடாது. அடுத்த சனிக்கிழமை வெல்டன் ஓகிள் அவனைப் பூதக்கண்ணாடியில் படித்து, குளிர்காலம் எப்படி இருக்கும் என்று சொல்வார். அவர் டயர் விற்பவர். காலையும் மாலையும் பள்ளத்தாக்கு ரேடியோவில் வானிலை சொல்பவரும் அவர்தான். பூச்சிக்குப் பதின்மூன்று வளையம், குளிர்காலத்துக்குப் பதின்மூன்று வாரம். பழுப்பு வளையம் என்றால் இதமான வாரம். கறுப்பு என்றால் பனி.

அக்காவின் கல்யாணம் டிசம்பர் ஆறாம் தேதி. மாப்பிள்ளை லானி டிப்டன் மலைக்கு அந்தப் பக்கம். பனி விழுந்தால் மலைச்சாலையை மூடிவிடுவார்கள். லானியின் அம்மா இரண்டு முறை தள்ளிப்போட்டாயிற்று: ஒரு முறை புகையிலை அறுவடை, ஒரு முறை இடுப்பு வலி. இன்றும், “பூச்சி என்ன சொல்லுதுன்னு பாத்துட்டுப் பேசுவோம்” என்றாள். அக்காவின் முகம் சுருங்கிப்போனது.

எனக்குக் கவலை இல்லை. டீக்கனைப் பிடித்த அன்றே பார்த்தேன். முழுக்கப் பழுப்புக் கோட்டு. கழுத்திலும் காலடியிலும் மட்டும் கொஞ்சம் கறுப்பு. எங்கள் சர்ச் டீக்கன் உடுத்துவதும் அப்படித்தான், அதனால்தான் அந்தப் பெயர்.

செப்டம்பர் 14

டீக்கன் தின்பதைவிட அதிகமாகப் புழுக்கை போடுகிறான். எப்படி முடிகிறது?

செப்டம்பர் 16, செவ்வாய்

டீக்கனைக் காணோம்.

ஐயோ. காத்துக்காகத்தான் மூடியைத் திறந்தேன், அவன் மூஞ்சி வாடியிருந்துச்சு. பூச்சிக்கு மூஞ்சி வாடுமா? எனக்கு ஏன் அறிவே இல்ல? கட்டிலடி, திரைச்சீலை, அப்பாவின் பூட்ஸ், எல்லாம் பார்த்தாயிற்று. நாய் என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. அது தின்றிருக்குமோ?

ஞாயிற்றுக்கிழமை போதகர் என் பெயரைச் சொல்லியே பிரசங்கம் செய்வார். கல்யாணம் நின்றால் அக்கா என்னோடு பேசவே மாட்டாள்.

செப்டம்பர் 17

பள்ளி விட்டதும் சாலையோரம் முழுக்கத் தேடினேன். பொழுது சாயும் நேரம் சூடான தார்ச்சாலையைப் பூச்சிகள் கடக்கும். இன்று ஒன்றே ஒன்று கடந்தது. அதுவும் தலையிலிருந்து வால்வரை கரி.

அப்பாவின் பழுப்பு ஷூ பாலிஷை எடுத்து அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் சுருண்டு செத்ததுபோலக் கிடந்தான். பாலிஷ் பூச மனசு வரவில்லை. இலையோடு எடுத்து ஜாடியில் போட்டேன்.

நாளைக்கு வேறு கிடைக்கும்.

செப்டம்பர் 19

கிடைக்கவில்லை. பொழுது விடிந்தால் வெல்டன் பூச்சியைப் படிப்பார்; ஜாடியில் இருப்பது அந்தக் கரியன்தான்.

செப்டம்பர் 20, சனி



வெல்டன் துணியை எடுத்தார். பூதக்கண்ணாடியை வைத்தார். துடைத்தார். மறுபடி வைத்தார். மைக்கில் அவர் மூச்சு மட்டும் கேட்டது.

“ஆண்டவரே, சவவண்டி மாதிரில்ல இருக்கான்!”

தொப்பியைக் கழற்றிவிட்டு, “பதிமூணும் கறுப்பு. ஒரு வாரம்கூட மிச்சம் இல்ல. வீட்டுக்குப் போய் விறகு வெட்டுங்கப்பா” என்றார்.

அப்போது வெயில் எப்படி இருந்ததென்றால், ஐஸ்கிரீம் கரைந்து என் முழங்கைவரை ஓடியது. சாயங்காலத்துக்குள் கடையில் உப்பும் ரொட்டியும் தீர்ந்துவிட்டன. போதகரின் மனைவி பனிவாரும் மண்வெட்டிக்காக இன்னொரு அம்மாளோடு இழுபறி செய்ததை நானே பார்த்தேன். இருவரும் சிரித்துக்கொண்டேதான் இழுத்தார்கள். விடவில்லை.

லானியின் அம்மா திருமதி டிப்டன் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

“டிசம்பராவது, ஒண்ணாவது! ஏப்ரல்ல பாத்துக்கலாம்.”

“ஏப்ரல்ல உங்களுக்கு எங்க வலிக்கப் போகுதுன்னு இப்பவே சொல்லிடுங்க” என்றாள் அம்மா.

அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இப்போது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். குறட்டை இல்லை. தூங்கவில்லை என்று அர்த்தம்.

செப்டம்பர் 22

ஊர் முழுக்கக் கோடாலிச் சத்தம். தபால்காரர் வேனின் டயர்களுக்குப் பனியில் வழுக்காமலிருக்கச் சங்கிலி மாட்டும்போது வெயில் தாங்காமல் மயங்கி விழுந்தார். முகத்தில் தண்ணீர் தெளித்ததும், “பனி வந்துடுச்சா?” என்று கேட்டாராம்.

எல்லாம் என்னால்தான்.

செப்டம்பர் 25, வியாழன்

லானி வந்தான். அப்பாவிடம், “மலைய நடந்தே தாண்டி வருவேன் மாமா” என்றான்.

“வருவ. உன்னை வெறைச்ச மீனாட்டம் கொண்டாந்து எம் பொண்ணுகிட்ட குடுப்பாங்க” என்றார் அப்பா.

யாரும் சிரிக்கவில்லை. லானி தொப்பியை உருட்டிக்கொண்டே போய்விட்டான்.

இரவு அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டீக்கன், மூடி, தார்ச்சாலை, ஷூ பாலிஷ், எல்லாம்.  கட்டில் குலுங்கியது. அழுகிறாள் என்று நானும் அழ ஆரம்பித்தேன்.

தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

“டெல்லா, அடிப்பாவி! ஊரே விறகு வெட்டுதுடி!”

“நாளைக்குப் போய் வெல்டன்கிட்டச் சொல்லிடுறேன்க்கா.”

“வாயத் தொறந்த, காத அறுத்துருவேன்.”

“அப்ப உன் கல்யாணம்?”

“பழுப்புப் பூச்சி வந்திருந்தா மட்டும் அந்தம்மா விட்டுருமா? பல்வலி வந்திருக்கும். நீ பேசாம இரு. நான் யோசிக்கணும்.”

யோசித்தபடியே குறட்டை விட ஆரம்பித்துவிட்டாள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

அக்கா ஆப்பிள் பை பலகாரம் ஒன்று சுட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போனாள். திருமதி டிப்டன் இரண்டு துண்டு தின்னும்வரை அக்கா காத்திருந்தாள். பிறகு தேன் மாதிரி ஆரம்பித்தாள்.

“அத்தை, எனக்கு உங்களை நெனச்சாத்தான் கவலை. பதிமூணு வாரம் வீட்டுக்குள்ளயே கெடக்கணும். லானிக்குத் தண்ணி கொதிக்க வைக்கக்கூடத் தெரியாது. உங்க இடுப்பு பிடிச்சுக்கிச்சுன்னா யாரு தூக்கி உக்கார வைப்பா? ரோடும் மூடிடும்.”

திருமதி டிப்டன் லானியைப் பார்த்தாள். அவன் பலகாரத்தின் மேலோட்டை விரலால் குடைந்துகொண்டிருந்தான். 

“பனிக்கு முன்னாடி முடிச்சுட்டா என்ன?” என்றாள் கடைசியில், தனக்கே தோன்றியதுபோல. “அக்டோபர் பதினொண்ணு. அதுக்கு மேல தள்ளப்படாது. சொல்லிட்டேன்.”

வரும்போது வண்டியில் அக்கா பாடிக்கொண்டே வந்தாள். நானும் பாடினேன். நான் தப்பித்துவிட்டேன்! பாதி வழியில்தான் கணக்குப் புரிந்தது. அக்டோபர் பதினொன்று என்றால் அக்கா போக இன்னும் பதின்மூன்றே நாள்.

அக்டோபர் 11

கல்யாணம் முடிந்தது. மேப்பிள் மரங்கள் சிவந்துவிட்டன. வெல்டன் கோட்டைக் கழற்றிவிட்டு வியர்வையோடு ஆடினார். எல்லோரும் அந்தப் பூச்சிக்கு நன்றி சொன்னார்கள்.

கட்டில் பெரிதாக இருக்கிறது.

அக்டோபர் 12

குறட்டை இல்லாமல் தூக்கம் வரவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

நவம்பர் 9, ஞாயிறு

பனி இல்லை. மக்கள் பனிக்கோட்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு அரைக்கைச் சட்டையில் திரிகிறார்கள். ரேடியோவில் வெல்டன், “பொறுங்க, பூச்சி பொய் சொல்லாது” என்றார். குரலில் பழைய திடம் இல்லை. பாவமாக இருந்தது.

அக்காவும் லானியும் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். அந்தம்மாவின் மாடு கறக்கும் நேரம் என்று நாலு மணிக்கே கிளம்பிவிட்டார்கள். எல்லா ஞாயிறும் நாலு மணிதான்.

டிசம்பர் 14, ஞாயிறு

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஆரம்பித்தது. முதலில் உப்புத் தூவினதுபோல; பிறகு தலையணை கிழிந்ததுபோல. மூன்று மணிக்கு மலைச்சாலையை மூடிவிட்டார்கள். ரேடியோவில் வெல்டன், “சொன்னேன்ல! சொன்னேன்ல!” என்று கத்தி, தொண்டை கட்டி, நடுவில் பாட்டுப் போட்டுவிட்டார்.

லானி ஜன்னலிலேயே நின்றான். “அம்மா தனியா இருக்கும்...”

“போன் பண்ணியாச்சு. பக்கத்து வீட்டுக்காரங்க இருக்காங்க. வந்து உக்காரு” என்றாள் அக்கா.

அவனுக்கு முன்னறையில் சோபா. கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன.

அக்கா இங்கே இருக்கிறாள். படுத்ததும் ஐஸ் மாதிரியான தன் பாதங்களை என் முதுகில் வைத்தாள். நான் கத்தினேன். “வெளிய பனி கொட்டுது, கொஞ்சம் சூடு குடுடீ” என்றாள். இப்போது குறட்டை விடுகிறாள். மெதுவாக ஜன்னலைப் பார்த்தேன். இன்னும் விடாமல் கொட்டுகிறது.

நாளைக்கும் கொட்டட்டும்.