சக்கரத்துக்கு ஒரு கட்டை

என்னங்க, இன்று காலை ஜீப்புக்கு அடியிலிருந்து அதே சத்தம் வந்தது. மகள் கிளட்சை விட்டதும் ஒரு ‘டக்’, பிறகு பல்லைக் கடிப்பதுபோல ஓர் உரசல். அடுப்பில் பாலை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். நீங்கள் கண்மூடிய பிறகும் அந்தச் சத்தம் என்றால் எனக்குப் பயம்தான்.

பேரிகை ஊரின் பாலிஹவுஸ் பூக்கூடாரத்திலிருந்து ரோஜாக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு ஓசூருக்குத் திரும்பிய அன்றும் இப்படித்தான் ஆரம்பித்தது. பின் சக்கரங்களைச் சுழற்றும் ஷாஃப்ட்டின் ஜாயின்ட் உடைந்துபோயிருந்தது. நீங்கள் அடியில் படுத்து ஷாஃப்ட்டையே கழற்றிப் பூக்கட்டுகளோடு போட்டீர்கள். “ஃபோர் வீல்ல போட்டா முன் சக்கரம் இழுத்துக்கும். மெதுவாப் போயிரலாம்.” மெதுவாகத்தான் வந்தோம். ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங் முரண்டு பிடித்தது. நான் எல்லாச் சாமியையும் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன்.

டீக்கடைச் சரிவில் நிறுத்தினீர்கள். தார் ரோட்டில் ஃபோர் வீல் ஆகாது என்று சொல்லிச் சொல்லி உங்கள் கைக்கே அது பழகிவிட்டிருந்தது. இறங்கும்போது கியருக்குப் பக்கத்திலிருக்கும் சின்ன லீவரை, பின் சக்கரம் மட்டும் இழுக்கும் டூ வீலுக்குத் தள்ளிவிட்டீர்கள். கியரில்தான் இருந்தது, ஹேண்ட் பிரேக்கும் இழுத்திருந்தது. ஆனால் இந்த ஜீப்பில், டூ வீலில் அந்த இரண்டும் பிடிப்பது சக்கரத்தை நேராக அல்ல, பின் ஷாஃப்ட்டைத்தான். அதுதான் பூக்கட்டுகளோடு கிடந்ததே. பின் சீட்டில் மகள் தூங்கிக்கொண்டிருக்க, வண்டி தானாக நகர்ந்தது.

பாய்ந்து ஏறி பிரேக்கை மிதித்தீர்கள். நான் ஒரு கல்லைத் தூக்கிச் சக்கரத்துக்கு அடியில் தள்ளினேன். இறங்கி வந்து அந்தக் கல்லை இன்னொரு முறை உதைத்துப் பார்த்தீர்கள். “புள்ளகிட்ட சொல்லாத” என்றீர்கள். மறுநாள், நீங்கள் வேலை பார்த்த கம்பெனியில் கழித்துப்போட்ட பலகையில், சக்கரத்துக்கு அடியில் வைக்க இந்தக் கட்டையைச் செதுக்கிக் கொண்டுவந்தீர்கள்.

இன்று வந்த மெக்கானிக்கும் பின் ஷாஃப்ட்டைக் கழற்றினார். “ஃபோர் வீல்லயே மெதுவா ஷெட்டுக்கு வந்துருங்கம்மா” என்று சொல்லிவிட்டு முன்னால் போனார். நம் வாசலும் சரிவுதானே. கட்டையை எடுத்துவந்து பின் சக்கரத்துக்கு அடியில் இறுக்கி வைத்தேன்.

“கியர்ல இருக்குதும்மா, ஹேண்ட் பிரேக்கும் போட்டிருக்கேன். உனக்கு எல்லாத்துக்கும் பயம்” என்று மகள் சிரித்தாள். வீட்டைப் பூட்ட இறங்கும்போது, நீங்கள் பழக்கிவிட்ட அவள் கை அந்தச் சின்ன லீவரை டூ வீலுக்குத் தள்ளியது. வண்டி லேசாக அசைந்து கட்டையில் இடித்து நின்றது.

அவள் சிரிப்பு போய்விட்டது. கட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “இது அப்பா செஞ்சதா?” என்று மெல்லக் கேட்டாள்.

பயந்தாங்கொள்ளி என்று என்னைக் கேலி செய்வீர்களே, அந்தப் பயத்தை இன்னும் நான் விடவில்லை. நீங்கள் சொல்லாதே என்றதை இன்று அவளிடம் சொல்லிவிட்டேன். இனி அந்தப் பயம் அவளுக்கும் வேண்டும்.