டேப்புக்கு வைத்த குங்குமம்

அண்ணா,

நேற்று ஆயுத பூஜை. சேந்தமங்கலத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டர் திரையின் மேல் சந்தனம், நடுவில் குங்குமம், கீபோர்டு பக்கத்தில் பொரி. "செத்த நில்லுங்கக்கா, சூடம் காட்டிட்டு எடுத்துத் தாரேன்" என்றார் கடைக்காரர். ஈரச் சந்தன வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. வேலையை முடிக்காமலேயே திரும்பிவிட்டேன். சாமி மேல் எனக்குக் கோபமில்லை. வீட்டில் அரிவாள்மணைக்கும் பொட்டு வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். கோபமெல்லாம் நம் பழைய ஆபீஸ் கண்காணிப்பாளர் மேல். அதைவிட உங்கள் மேல்.

கொல்லிமலை ஆபீஸுக்கு அந்த யூனிக்ஸ் கம்ப்யூட்டர் வந்தபோது நீங்களும் தூத்துக்குடியிலிருந்து புதிதாக வந்திருந்தீர்கள். மலைக்குக் கீழே இருந்த பெரிய ஆபீஸில் புதுசு வாங்கிக்கொண்டு நமக்குத் தள்ளிவிட்ட பழைய மெஷின் அது. ஆலத்தூர் நாடு, குண்டனி நாடு என்று மலையின் ஒவ்வொரு நாட்டிலும் உள்ள குடும்பங்களின் நிலம், பயிர்க் கணக்கை நான் அதில் தட்டி ஏற்றுவேன். சாயங்காலம் நீங்கள் அதையெல்லாம் டேப்பில் பேக்கப் எடுப்பீர்கள். பாட்டுக் கேசட்டைவிடப் பெரிய டேப், ஒவ்வொரு கிழமைக்கும் ஒன்று. அது கர்ரென்று முன்னும் பின்னும் ஓடி நிற்கும்வரை நாற்காலியைவிட்டு எழுந்திருக்க மாட்டீர்கள். பஸ் போய்விடுமே என்று நான் வாசலில் நின்று முணுமுணுப்பேன். "மெஷின் இன்னைக்குச் செத்தா நாளைக்கு நமக்கு இதுதான் உசுரு தங்கச்சி" என்பீர்கள்.

உங்களுக்கு இருந்த ஒரே ஆசை ஊர் மாற்றல். நீங்கள் மலையேறிய பிறகு பிறந்த பெண் நடக்கவும் பேசவும் தொடங்கியிருந்தாள். "லீவுல போனா, என் மவ 'அம்மா, யாரோ வந்திருக்காவ'ன்னு உள்ள ஓடுதா" என்று ஒரு மத்தியானம் சொல்லிச் சிரித்தீர்கள். சிரித்துவிட்டு டிபன் பாக்ஸை அப்படியே மூடி வைத்தீர்கள். அந்த வருஷம் பூஜைக்குக் கொஞ்சம் முன்னால்தான் மாற்றல் உத்தரவு வந்தது. "பூஜை முடியட்டும், ரிலீவ் பண்ணி உட்டுடறேன்" என்றார் கண்காணிப்பாளர்.

பூஜையன்று அவரே பீரோவைத் திறந்து டேப்புகளையெல்லாம் எடுத்துச் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கினார். வெளியே பொட்டு வைத்தது போதாதென்று, ஒவ்வொன்றின் சின்ன மூடியையும் விரலால் திறந்து உள்ளேயும் சந்தனம், குங்குமம். "சார், உள்ள தூள் போனா ஓடாது சார். வெளிய மட்டும் வைங்க" என்றீர்கள், மெதுவாகத்தான். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உங்க சர்ச்சுல உங்க இஷ்டமுங்க. இங்க சாமி காரியத்துல தடை சொல்லாதீங்க" என்றார். சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் உங்களையே பார்த்தார்கள். நீங்கள் பின்னால் நகர்ந்து நின்றுகொண்டீர்கள்.

கூட்டம் கலைந்த பின் நாம் இருவரும் உட்கார்ந்து துடைத்தோம். துடைக்கத் துடைக்க இன்னும் உள்ளேதான் இழுபட்டது. புது டேப் கேட்டீர்கள். வரும்போது பார்க்கலாம் என்றார்கள். அந்த வாரமே மலையில் இடி இறங்கி மெஷின் செத்தது. சேலத்திலிருந்து வந்த மெக்கானிக் புது டிஸ்க் போட்டு டேப்புகளை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தார். ஒன்றும் படிக்கவில்லை. உள்ளே துடைத்த பஞ்சு சிவப்பாக வந்தது. "ஏனுங்க, மெசினுக்கு வெத்தலை போட்டு உட்டீங்களா?" என்று கேட்டார் அந்த மனுஷன். கண்காணிப்பாளர் உங்கள் பக்கம் திரும்பி, "பேக்கப் உங்க பொறுப்புதானுங்களே" என்றார்.

விளக்கம் கேட்டு உங்களுக்கு மெமோ வந்தது. "நடந்ததை நடந்தபடி நான் எழுதித் தாரேனுங்கண்ணா, கையெழுத்தும் போடறேன்" என்றேன். "வேண்டாம் தங்கச்சி. இந்தக் கிறிஸ்தவப் பேரை வச்சிக்கிட்டு, குங்குமத்தால கெட்டுச்சுன்னு நான் சொன்னா, பெறவு யாரும் டேப்பைப் பத்திப் பேசமாட்டாங்க" என்றீர்கள். 'என் கவனக்குறைவு' என்று நீங்களே எழுதி நீட்டினீர்கள். போனதையெல்லாம் திரும்ப ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். ஏற்றி முடிப்பதற்குள் தூத்துக்குடி இடத்துக்கு வேறொருவர் வந்து உட்கார்ந்துவிட்டார். உங்கள் பெண் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை உங்களுக்கு மலைதான். கண்காணிப்பாளருக்குப் பதவி உயர்வு வந்து மாலை போட்டு அனுப்பினோம். நீங்களும் கைதட்டினீர்கள். எப்படி அண்ணா தட்ட வந்தது? நீங்கள் பெருந்தன்மை என்று நினைத்துச் செய்ததற்கு விலை கொடுத்தது ஒரு சின்னக் குழந்தை. இதை உங்கள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். "விடும்மா" என்பீர்கள்.

போன மாதம் உங்களை அடக்கம் செய்த பிறகு உங்கள் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உங்கள் மூக்கு அப்படியே இருக்கிறது. "அப்பா ஊரோட வந்த பெறவும் விருந்தாளி மாதிரியே இருந்துட்டாவ அத்தை. எங்கிட்ட என்ன பேசன்னு அவங்களுக்குத் தெரியல. உங்ககிட்ட என்ன பேசுவாவ?" என்று கேட்டாள்.

அவளைப் பற்றித்தான் பேசினீர்கள். மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தால் வேறு பேச்சே கிடையாது. வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டதையெல்லாம் எனக்குச் சொல்வீர்கள். அவளுக்கு வந்த அம்மை, பள்ளி நாடகத்தில் போட்ட வேஷம், தண்ணீரைக் கண்டால் பயம், எல்லாம் எனக்குத் தெரியும். அவளிடம் பேச வேண்டிய பேச்சு அத்தனையும் என்னிடம் கிடக்கிறது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் போன் செய்கிறாள். ஒவ்வொன்றாகச் சொல்லி வருகிறேன். போன ஞாயிறு, முதல் பல் விழுந்த அன்று அவள் அதைத் தலையணைக்கடியில் ஒளித்துவைத்துக்கொண்டு அழுததைச் சொன்னேன். "அது அப்பாவுக்குத் தெரியுமா அத்தை?" என்றாள்.

தெரியும் என்று நீங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்வதற்கு நான் எதற்கு அண்ணா?