கடைசியாக வந்தவளின் உரிமை

மே 11
காலையிலேயே லோர்னாவிடமிருந்து போன். "என்னடி டார்லீன், முடிவு பண்ணிட்டியா? விண்டம் மேடுதானே?"

எங்கள் தோழிகள் கூட்டத்தின் ஜூன் கோல்ஃப் பயணத்தில், ஆட்டத்தில் கடைசியாக வருபவளுக்கு அடுத்த வருட மைதானத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. இருபது வருடத்தில் முதல்முறையாகப் போன வருடம் கடைசியாக வந்தேன். வடக்கு மிச்சிகனில் பொது மைதானங்களுக்கா பஞ்சம்? ஆனாலும் பேச்சு இரண்டைப் பற்றித்தான். விண்டம் மேடு ஏரிக்கரையின் மணல்மேடுகள் மேல் இருக்கிறது. பேட்டரி வண்டிக்கு அனுமதியில்லை, நடந்தே ஆடவேண்டும். மாவட்ட நிர்வாகத்தின் கவுண்டி மைதானம் உருளைக்கிழங்கு வயலை ஒட்டி, தட்டையாக. மனிதர்களைவிட வாத்துகள் அதிகம்.

மே 12
மாடிப்படி பதின்மூன்று. இன்றுதான் எண்ணினேன். பாழாய்ப்போன இடுப்பு.

மே 15
டாக்டர் சொல்லிவிட்டார்: "ஆடலாம், மேடு ஏறக் கூடாது." லோர்னாவிடம் யார் சொல்வது? முப்பது வருடம் உடற்பயிற்சி ஆசிரியை. விசில் இன்னும் கழுத்தில் தொங்குவதுபோலத்தான் பேசுவாள்.

மூன்று வருடம் முன்பு எங்கள் நான்காவது தோழி பெக்கி, "முட்டி முடியலடி, எனக்கு வண்டி வேணும்" என்றாள். நாள் முழுக்கக் கிண்டல். "மகாராணி தேர்ல வர்றாங்க, வழி விடுங்க!" — சொன்னது லோர்னா இல்லை. நான். அடுத்த வருடம் பெக்கிக்கு ஏதோ வேலை இருந்தது. அதற்கடுத்த வருடமும். நான்கு பேர் மூன்று பேரானோம். இப்போது என் முறையா?

மே 19
கவுண்டி மைதானம் என்று சொல்லிவிட்டேன். காரணம், அங்கே வறுத்த மீன் பிரமாதம்.

"மீனுக்காகவா நாலு மணி நேரம் கார் ஓட்டுறது? புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?" — லோர்னா.

"எனக்கும் மீன் பிடிக்கும்" என்றாள் எங்களில் மூன்றாமவள் இங்க்ரிட். அவள் மீனைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. நல்ல மனசு.

மே 20
மைதானத்துக்கு ரகசியமாகப் போன் செய்து ஒரு வண்டி சொன்னேன். கூட வருபவர்களுக்குத் தெரியக் கூடாது என்றும் சொன்னேன்.

ஜூன் 8
போச்சு, மானம் போச்சு!

மைதான அலுவலக மேசையில் இருந்தவர் எங்களைப் பார்த்ததும், "வாங்க, மூணு வண்டியும் தயார்" என்றார். "மூணு பேரும் தனித்தனியா போன் பண்ணி, மத்தவங்ககிட்ட சொல்லாதீங்கன்னீங்க. சேர்ந்து வந்து நின்னா நான் என்ன பண்றது?"

"மூணாவது குழிகிட்ட, கழிப்பறை மறைவுல நிறுத்தச் சொன்னேனே!" என்று கத்தினாள் லோர்னா. கத்திய பிறகுதான் அவளுக்கே உறைத்தது. "முட்டி. ரெண்டும்" என்றாள், தரையைப் பார்த்து. இங்க்ரிட்டுக்கு மார்ச்சிலிருந்தே மூச்சு வாங்குகிறதாம்.

வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு இங்க்ரிட், "பாவம், பெக்கி" என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

இன்றும் கடைசி நான்தான். பதினெட்டாவது குழியில் பந்தை நேராகக் குளத்துக்கு அனுப்பினேன். வேண்டுமென்றேதான். வாத்துகளுக்குத் தெரியும்.

ஜூன் 10
பெக்கிக்குப் போன் செய்தேன். "அன்னைக்குத் தேருன்னு சொன்னது தப்புடி. அடுத்த வருஷம் எந்த மைதானம்னு நீ சொல்லு. என் உரிமை உனக்கு."

போனை வைத்துவிட்டாளோ?

"வண்டி விடுவாங்களா?"

"மூணு எடுத்தோம்."

"லோர்னாவுமா?"

"லோர்னாவும்தான்."

அவள் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று!

"அப்ப அந்த வாத்து மைதானமே இருக்கட்டும். எனக்குத் தனி வண்டி. நான்தான் முன்னாடி போவேன். நீங்க மூணு பேரும் வழி விடணும், தெரிஞ்சுதா?"